செத்தவர்களா, திரும்பியவர்களா? 'எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து' படத்தின் கடைசிக் காட்சியை எப்படி எடுத்துக்கொள்வது

பென் வீட்லி இயக்கி, ஏமி ஜம்ப் எழுதிய 'எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து' 2013 ஜூலை 5 அன்று வெளியானது. தியேட்டர், டிவிடி, இணையம், ஃபிலிம்4 தொலைக்காட்சி என எல்லா வழியிலும் ஒரே நாளில் வந்தது. அந்த நாளில் பிரிட்டனில் காசு கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு, சோபாவில் சாய்ந்து இலவசமாகப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் கடைசி ஒரு நிமிடம் புரியவில்லை என்பதில் மட்டும் சமத்துவம் இருந்தது.

கறுப்பு வெள்ளை. 90 நிமிடம். ஒரே ஒரு புல்வெளி, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நடிகர்கள், 12 நாளில் முடிந்த படப்பிடிப்பு. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரிலிருந்து நழுவி ஓடும் சிலர் மதுக்கடை தேடிப் போகிறார்கள், போய்ச் சேரவே இல்லை. கதை அவ்வளவுதான். முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச முடியாது என்பதால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஒளி வெட்டி வெட்டி மின்னும் நீண்ட பகுதி ஒன்று படத்தில் இருக்கிறது. வலிப்பு வரக்கூடியவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். படத்தின் தொடக்கத்திலேயே அந்த எச்சரிக்கையைப் போட்டுவிடுகிறார்கள்.

நினைவுக்காகச் சுருக்கம். வைட்ஹெட் (ரீஸ் ஷியர்ஸ்மித்) படைவீரன் அல்ல, ரசவாதமும் சோதிடமும் தெரிந்த ஒரு எஜமானரின் சேவகன். எஜமானரின் ஏடுகளைத் திருடிப்போன ஓ'நீல் என்பவனைப் பிடித்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவன். சண்டை நடக்கிற இடத்திலிருந்து வேலிப் புதருக்குள் புகுந்து தப்புகிறான். அப்பால் ஜேக்கப், ஃப்ரெண்ட் என்ற இரண்டு ஓடுகாலிகளோடும், கட்லர் என்ற முரடனோடும் சேர்கிறான். கட்லர் வழியில் காளான் போட்டுக் குழம்பு வைக்கிறான். மற்றவர்கள் தின்கிறார்கள், வைட்ஹெட் விரதம் என்று ஒதுங்கிக்கொள்கிறான். பிறகு நிலத்தில் நட்ட ஒரு மரக்கட்டையில் சுற்றிய கயிற்றை எல்லோரும் சேர்ந்து இழுக்க, அதன் மறுமுனையில் வந்து சேர்கிறவன் ஓ'நீல் (மைக்கேல் ஸ்மைலி). பிடிக்க வந்தவன் பிடிபடுகிறான். கூடாரத்துக்குள் வைட்ஹெட்டுக்கு என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டுவதில்லை, அலறல் மட்டும் கேட்கிறது. கயிறு கட்டிய வேட்டைநாய் மாதிரி, முகத்தில் உறைந்த ஒரு சிரிப்போடு வெளியே வந்து, புதையல் இருக்கும் இடத்தைத் தேடி ஓடுகிறான். குழி தோண்டுகிறார்கள். ஃப்ரெண்ட் சுடப்பட்டுச் சாகிறான். குழியில் புதையல் இல்லை. கட்லரை ஓ'நீல் சுட்டுக் கொல்கிறான். வைட்ஹெட் ஓடி, காளானைக் கைநிறைய அள்ளித் தின்று, புயற்காற்று எழும்ப, திரும்பி வருகிறான். செத்த ஃப்ரெண்டும் எழுந்து வந்துவிடுகிறான். துப்பாக்கிச் சண்டையில் ஜேக்கப் சாகிறான், ஃப்ரெண்ட் இரண்டாவது முறை சாகிறான், ஓ'நீலை வைட்ஹெட் கொல்கிறான். தனக்குத் தானே எஜமான் என்கிறான்.

அப்புறம்தான் அந்தக் கடைசிக் காட்சி. நண்பர்களைப் புதைத்துவிட்டு, ஓ'நீலின் உடைமைகளை எடுத்துக்கொண்டு, தான் முதலில் தப்பி வந்த அதே வேலிக்குத் திரும்புகிறான். அப்பால் இன்னும் சண்டைச் சத்தம். புதருக்குள் புகுந்து வெளியே வருகிறான். எதிரே மூன்று பேர் நிற்கிறார்கள். ஜேக்கப், ஃப்ரெண்ட், மூன்றாவது ஆள் வைட்ஹெட்டேதான். யாரும் பேசுவதில்லை. படம் முடிகிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கங்கள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். எல்லோரும் முதலிலேயே செத்துவிட்டார்கள், எல்லாம் காளான் மயக்கம், காலம் சுழல்கிறது, அந்த இடமே மந்திர வளையம். எல்லாமே ஒருவிதத்தில் சரிதான் என்று சொல்லி நழுவுவது எனக்குப் பிடிக்காது. ஒரு விளக்கத்தை ஏற்க வேண்டுமானால் அது மூன்று கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். ஃப்ரெண்ட் ஏன் செத்துப் பிழைக்கிறான்? வேலிக்கு அப்பால் சண்டை ஏன் இன்னும் முடியவில்லை? நிற்கிறவர்கள் ஏன் அந்த மூவர் மட்டும்?

மரண விளக்கம்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது. வேலியருகே குண்டு விழுந்தபோதே எல்லோரும் போய்விட்டார்கள், புல்வெளி என்பது இடைப்பட்ட உலகம், ஓ'நீல் சாத்தான், கடைசியில் நாம் பார்ப்பது ஆவிகள். ஆதாரம் இல்லாமல் இல்லை. ஃப்ரெண்ட் ஆரம்பத்திலேயே பிணம்போலக் கிடந்து பிறகு எழுகிறவன். ஓ'நீலைச் சாத்தானாகப் பார்ப்பதற்கு வைட்ஹெட்டின் வாயிலிருந்தே சொற்கள் கிடைக்கின்றன. படம் இடையிடையே நடிகர்களை அசையாமல் நிறுத்தி வைத்து, பழைய மரச்செதுக்குப் படங்களைப் போல நெடுநேரம் காட்டுகிறது. அதெல்லாம் உயிருள்ளவர்களின் உலகம்போல் இல்லை.

ஆனால் மூன்றாவது கேள்வியில் இந்த விளக்கம் தடுமாறிவிடுகிறது. செத்தவர்கள்தான் வேலிக்கு அப்பால் நிற்கிறார்கள் என்றால் கட்லர் எங்கே? ஓ'நீல் எங்கே? வைட்ஹெட்டைத் துரத்தி வந்து, நம் கண் முன்னாலேயே கொல்லப்பட்ட தளபதி ட்ரோவர் எங்கே? செத்தவர் பட்டியலில் முதல் ஆளே அவர்தான். மூவரை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் தேர்வுக்கு அடிப்படை மரணம் அல்ல, வேறு ஏதோ.

இன்னொரு சிக்கல் ஃப்ரெண்டின் முதல் சாவு. உயிர் போகும் தறுவாயில் அவன் மனைவிக்குச் சொல்லி அனுப்பும் செய்தி படத்திலேயே மிகச் சிறந்த இடம். அன்பு வார்த்தை வரும் என்று காத்திருக்கும்போது, அவளை வெறுக்கிறேன், அவள் அப்பாவின் களஞ்சியத்துக்குத் தீ வைத்தவன் நான்தான், அவள் தங்கச்சியோடுதான் எனக்கு உறவு என்று கொட்டித் தீர்க்கிறான். சிரிப்பு வருகிறது, கூடவே பாவமாகவும் இருக்கிறது. இவன் ஏற்கெனவே ஆவி என்றால் இந்த வாக்குமூலத்துக்கு எடையே இல்லை. ஒரு விளக்கம் படத்தின் நல்ல காட்சியை வீணாக்குகிறது என்றால் அதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

காளான் விளக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம், கடைசிக் காட்சிக்கு மட்டும் அது பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டு. வைட்ஹெட் அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் ஒரு பிடி காளான் தின்றிருக்கிறான். தன்னையே எதிரில் பார்ப்பது அப்படிப்பட்டவனுக்கு வியப்பில்லை. மாயத்தோற்றம் தரும் காளான் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் இயல்பாக முளைப்பது. லண்டன் கிரீன் பார்க்கில் பறித்த காளானைச் சமைத்துத் தின்ற ஒரு குடும்பம் தடுமாறியதை ஒரு மருத்துவர் 1799இல் பதிவு செய்தார். படத்தின் காலத்துக்கு அது ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. படத்தில் வரும் மனிதர்கள் தங்களுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் காளானைக் காரணமாகச் சொல்ல வாய்ப்பே இல்லை, பேய் என்றுதான் சொல்வார்கள். அதுவரை சரி. ஆனால் கயிற்று முனையில் ஓ'நீல் வரும்போதும், கூடார அலறலின்போதும் வைட்ஹெட் எதையும் தின்றிருக்கவில்லை. விரதம் என்ற அந்தச் சின்ன வசனத்தை ஏமி ஜம்ப் சும்மா எழுதவில்லை. இந்த விளக்கத்தின் கதவை அடைக்கத்தான் எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

காலச்சுழல் விளக்கம் இன்றைய பார்வையாளருக்கு ரொம்பப் பிடித்தது. டைம் லூப் படங்கள் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தொடங்கிய வேலியிலேயே முடிவதைக் கண்டதும் மணி அடித்துவிடுகிறது. வைட்ஹெட் மறுபடி ஓடுவான், மறுபடி ஓ'நீல் வருவான், மறுபடி எல்லோரும் சாவார்கள். இதில் ஒரு நேர்த்தி இருக்கிறது, ஃப்ரெண்ட் திரும்பத் திரும்ப எழுவதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் திசையைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அவன் சண்டையிலிருந்து புல்வெளிக்கு வந்தான். முடிவில் புல்வெளியிலிருந்து சண்டைக்குப் போகிறான். சுழல் என்றால் வந்த பக்கமாகவே மறுபடி வர வேண்டும். கையில் பகைவனின் உடைமைகள் வேறு. கணக்கில் இவ்வளவு மிச்சம் இருந்தால் அது சுழல் இல்லை.

மந்திர வளையம் என்கிற நான்காவது விளக்கத்துக்கு வருவோம். இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன்.

ஐரோப்பியப் புல்வெளிகளில் காளான்கள் வட்டமாக முளைப்பதுண்டு. மண்ணுக்குள் பூஞ்சை இழை ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. நடுப்பகுதியில் சத்து தீர்ந்துபோக, விளிம்பில் மட்டும் காளான் தலைகாட்டுகிறது. அறிவியல் இவ்வளவு எளிமையாக முடித்துக்கொள்வதை நாட்டுப்புறக் கதை விடுவதில்லை. அது தேவதைகள் ஆடும் வட்டம். உள்ளே கால் வைத்தவன் வெளியே வர முடியாது, உள்ளே ஓடும் காலம் வேறு, வெளியே ஓடும் காலம் வேறு. வேல்ஸ் நாட்டுக் கதை ஒன்றில் இரண்டு நண்பர்கள் போகிறார்கள், ஒருவன் இசை கேட்டு வட்டத்துக்குள் போய் மறைகிறான், மற்றவன்மேல் கொலைப்பழி விழுகிறது. பிறகு ஊர்க்காரர்கள் இவனுடைய சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, இவன் வட்டத்தின் விளிம்பில் கால் வைத்து உள்ளே ஆடிக்கொண்டிருப்பவனை வெளியே இழுக்கிறான். வந்தவனோ சில நிமிடம்தான் ஆனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வட்டத்துக்குள் இருப்பவனைப் பலர் சேர்ந்து இழுத்தால்தான் வெளியே வருவான் என்கிற இந்த மரபைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கயிற்றுக் காட்சி புதிராக இல்லை. ஓ'நீல் வளையத்தில் அகப்பட்டிருந்தவன், நால்வரும் இழுத்து அவனை மீட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. அந்தப் போரின் பெரிய சண்டைகள்கூட நீண்ட நேரம் நடந்ததில்லை. 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூரில் மாலையில் தொடங்கிய மோதல் சுமார் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு நேஸ்பியும் மதியத்துக்கு முன்பே ஏறக்குறைய முடிந்த கதை. படத்திலோ இவர்கள் நடக்கிறார்கள், சமைக்கிறார்கள், கயிறு இழுக்கிறார்கள், ஆளை இறக்கும் ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார்கள், சுட்டுக்கொள்கிறார்கள், புதைக்கிறார்கள். திரும்பி வந்தால் வேலிக்கு அப்பால் இன்னும் சண்டை நடக்கிறது. வெளியே நேரமே போகவில்லை என்பதைத் தவிர வேறு எப்படி இதை எடுத்துக்கொள்வது?

இதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. மண்ணுக்குள் இருப்பதைக் காட்டுவதாக நம்பப்பட்ட மந்திரக்கோல்போல, புதையலைக் கண்டுபிடிக்க மனிதனையே பயன்படுத்தும் ஓ'நீல் அந்தக் காலத்தின் மண்ணிலிருந்து வந்தவன். வில்லியம் லில்லி என்ற சோதிடர் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். 1634இல் அரசரின் கடிகாரக்காரர் டேவிட் ராம்சேவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதையல் இருப்பதாகத் தகவல் வருகிறது. முறையாக அனுமதி வாங்கி, கிடைப்பதில் தேவாலயத்துக்கும் பங்கு என்று பேசி, இரவில் ஹேசல் மரக்குச்சிகளோடு போகிறார்கள். குச்சி திரும்பிய இடத்தில் ஆறடி தோண்டினால் ஒரு சவப்பெட்டி. கனமில்லை என்று திறக்காமல் விட்டுவிட்டு உள்ளே போனதும், கட்டடமே இடிந்து விழும் என்று அஞ்சும்படி ஒரு பெருங்காற்று. ஒன்றைத் தவிர விளக்கெல்லாம் அணைகிறது. லில்லி பேய்களை விரட்டி அனுப்பியதாக எழுதுகிறார். காரியம் கெட்டதற்கு அவர் சொல்லும் காரணம்தான் அருமை. முப்பது பேருக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிட்டது, அதில் சிலர் சிரித்தார்கள்.

குச்சி, குழி, ஏமாற்றம், காற்று. படத்தின் பிற்பாதி அப்படியே இதில் இருக்கிறது. இதே லில்லியை 1648இல் கோல்செஸ்டர் முற்றுகைக்கு அழைத்துப்போய், ஊர் சீக்கிரம் பணிந்துவிடும் என்று படைவீரர்களுக்குச் சொல்ல வைத்தார்கள். மந்திரமும் போரும் அந்தத் தலைமுறைக்கு இரண்டு தனி உலகங்கள் இல்லை. அதனால் புல்வெளியில் நடப்பது நிஜமா மாயையா என்கிற நம் கேள்வியே அந்தப் பாத்திரங்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அது நிஜம். படம் அவர்கள் பக்கம் நின்று எடுக்கப்பட்டது.

ஆனாலும் வளையம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் மூன்றாவது கேள்வி மிஞ்சுகிறது. ஏன் அந்த மூவர் மட்டும்? இதற்கு நாட்டுப்புற மரபில் பதில் இல்லை. கதைக்குள்தான் தேட வேண்டும்.

வைட்ஹெட் கோழை. அதை அவனே மறைப்பதில்லை. படத்தில் அவன் ஓடுவது ஒருமுறை அல்ல. முதலில் போரிலிருந்து ஓடுகிறான். பிறகு புல்வெளிக்குள்ளேயே ஓ'நீலிடமிருந்து ஓடுகிறான். இரண்டாவது ஓட்டத்தின்போதுதான் காளான் தின்கிறான், காற்று எழுகிறது, திரும்பி வருகிறான். வேலிக்கு அப்பால் போவதற்கு ஒத்திகைபோல, ஓடிப்போனவன் திரும்பும் காரியம் ஏற்கெனவே ஒருமுறை உள்ளே நடந்துவிட்டது. அந்தத் திரும்புதல் யாருக்காக? எஜமானரின் ஏடுகளுக்காக மட்டும் இருக்க முடியாது. அவன் தோளோடு தோள் நின்று சண்டை போட்டது ஜேக்கப், ஃப்ரெண்ட் இருவரோடு. கட்லர் ஓ'நீலின் ஆள். ட்ரோவர் அதிகாரம். ஓ'நீல் எஜமானாகத் துடித்தவன். வேலிக்கு அப்பால் நிற்கும் மூவரில் எஜமான் யாரும் இல்லை. ஏவல் இல்லாமல், கட்டாயம் இல்லாமல் சேர்ந்தவர்கள் மட்டும்தான் அங்கே.

1640களில் இதற்கு அரசியல் பொருளும் உண்டு. படைக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போவது, சம்பளப் பாக்கி, பசி என்று ஓடியவர்கள் இரு தரப்பிலும் ஏராளம். பிடிபட்டால் மரண தண்டனை வரை போகலாம். அவற்றில் நாடாளுமன்றப் படையிலிருந்துதான் 1647இல் லண்டன் அருகே பட்னியில் சாதாரணப் படைவீரர்களின் பிரதிநிதிகள் அதிகாரிகளோடு உட்கார்ந்து வாக்குரிமை பற்றி வாதிட்டார்கள். 1649 ஜனவரியில் அரசரின் தலையே உருண்டது. அந்த ஆண்டு வசந்தத்தில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் கூட்டாளிகளும் சர்ரேயில் உள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொது நிலத்தைக் கொத்திப் பயிரிடத் தொடங்கினார்கள், நிலம் எல்லோருக்கும் பொது என்று. படம் எடுக்கப்பட்டதும் அதே சர்ரேயில். தனக்குத் தானே எஜமான் என்று ஒரு சேவகன் அந்தப் பத்தாண்டில் சொல்வது இன்றைய தன்னம்பிக்கை வாசகம்போல் ஆகாது. கழுத்துக்குக் கயிறு வரக்கூடிய பேச்சு.

ஆகவே நான் எடுத்துக்கொள்வது வளையத்தையும் இந்தக் கடைசிக் காரணத்தையும் சேர்த்த வாசிப்பு. புல்வெளி காலத்துக்கு வெளியே உள்ள இடம். வைட்ஹெட் அதிலிருந்து உண்மையாகவே வெளியே வருகிறான். எதிரில் அவன் பார்ப்பது, இப்படி நின்றிருக்கலாமே என்று தான் ஓடிய வேளையில் விட்டுவிட்டு வந்த சாத்தியம். கோழை ஓடாமல் நின்றிருந்தால் எப்படி இருந்திருப்பான், யாரோடு நின்றிருப்பான் என்பதன் உருவம்.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அந்தப் போரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சண்டையில் மட்டும் சுமார் 85,000 பேர் செத்ததாக மதிப்பிடுகிறார்கள், நோயில் செத்தவர்கள் அதற்கும் மேல். ஓடுவதுதான் அறிவுள்ள காரியம், திரும்பி வந்து நிற்பதை வளர்ச்சியாகப் பார்ப்பது போரைப் புகழ்வதாகும் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மூவரும் எந்தப் பக்கத்துக்காக நிற்கிறார்கள் என்று படம் காட்டுவதில்லை, ஆயுதம் ஏந்திப் பாய்வதாகவும் காட்டுவதில்லை. சும்மா நிற்கிறார்கள். இந்த இடத்தில்தான் மரண விளக்கம் மறுபடி தலை தூக்கும், அதை முழுக்க அடக்க என்னிடம் வழி இல்லை.

எதை எடுத்துக்கொள்வது என்பது எப்படிப் பார்க்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் தடவை பார்ப்பவருக்கு மரண விளக்கம் போதும். பயம் அதில் அதிகம், படமும் ராத்திரியில் விளக்கை அணைத்துப் பார்க்க ஏற்றது. ஒளிப்பதிவாளர் லாரி ரோஸின் அசையாத சித்திரங்களையும் மின்னல் வெட்டுகளையும் ரசிக்க வந்தவர் காளானோடு போகலாம், விளக்கம் தேடி மூளையைக் கசக்க வேண்டியதில்லை. காலச்சுழலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது தடவை பார்ப்பவர்கள் வைட்ஹெட்டின் ஓட்டங்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள். எப்போது ஓடுகிறான், யார் துரத்துகிறார்கள், எப்போது யாரும் துரத்தாமலே நடக்கிறான் என்று. வேலிக்குத் திரும்பும்போது அவன் பின்னால் ஒருவரும் இல்லை. துரத்தக்கூடிய எல்லோரும் குழியிலோ புல்லிலோ கிடக்கிறார்கள், மதுக்கடைப் பக்கம் போயிருந்தால் கேட்பாரில்லை. அவன் சண்டைப் பக்கம்தான் போகிறான்.